விழுந்த நேரம்

“நஞ்சு விழுந்துருச்சு மேடம்.”
இருபத்திரண்டு வருடமாக
என் வேலைநாள் தொடங்குவது இந்த வாக்கியத்தில்தான்,
இரவு இரண்டரை ஆனாலும், தீபாவளி ஆனாலும்.
கோத்தகிரி பிரசவ அறையிலிருந்து சிஸ்டர் ரெஜினாமேரி
வேறொன்றும் சொல்லமாட்டார்.
ஆணா பெண்ணா என்று நானும் கேட்டதில்லை.

மீன்பெட்டியில் ஐஸ் போட்டு
ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போவேன்.
பனியில் விளக்கு மூன்றடிக்கு மேல் போகாது.
ஒருமுறை டானிங்டன் திருப்பத்தில் காட்டெருமை.
அது முதலில் போகட்டும் என்று நின்றேன்.
அதுவும் நின்றது.

பிள்ளைக்கு யார் மூக்கு என்று
எல்லோரும் குனிந்து பார்க்கும்போது
மஞ்சள் பைக்குப் போகவிருப்பதை நான் கேட்பேன்.
அரைக்கிலோ இருக்கும். இன்னும் சூடு.
ஒரு பக்கம் கிளைவிட்ட மரம்,
மறுபக்கம் ஈரல்.
ஒன்பது மாதம் சோறு போட்டதற்கு
நஞ்சு என்று யார் பெயர் வைத்தது?

ஊட்டி வார்டில் யோகவதி, எஸ்டேட் லைன்காரி,
கையெழுத்துப் போடுமுன் கேட்டாள்:
“இத வெச்சு என்ன பண்ணுவீங்க?”

சொன்னேன்:
உன் பிள்ளையின் செல்கள் சில
உன் கருப்பைக்குள் சாலை வேலைக்கு வந்தன.
அங்கே ரத்தக்குழாய்கள் சுருள் சுருளாக,
மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுகள் மாதிரி
ஒடுங்கிக் கிடந்தன.
சுவரைக் கரைத்து, லாரி போகிற அளவுக்கு
அவை அகலப்படுத்த வேண்டும்.
உனக்குப் பாதியில் நின்றுவிட்டது.
அதனால்தான் கால் வீங்கியது, கண்ணில் பூச்சி பறந்தது,
பிரஷர் நூற்றெழுபது.

கொஞ்சம் யோசித்தாள்.
“காண்ட்ராக்டர் ஓடிட்டான்னு சொல்லுங்க.”

என் கட்டுரை எதுவும் இவ்வளவு சுருக்கமில்லை.
அவள் பிள்ளை எண்ணூற்று நாற்பது கிராம்.
பதினேழு நாள் இருந்தது.

பதினோராண்டு ஒரு புரதத்தைத் துரத்தினேன்.
நோயுற்ற தாய்மாரின் நஞ்சில் அது கூடியிருந்தது,
மற்றவர்களிடம் இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள், கோடு போட்டதுபோல் படம்.
ஜெனீவாவில் கைதட்டினார்கள்.
குன்னூரில் சால்வை போர்த்தினார்கள்;
அது குளிருக்கு உதவியது.

பிறகு ஒரு ஜூலை. மழை, நாலு நாளாகக் கரண்ட் இல்லை.
என்னிடம் குழாய் கழுவிக்கொண்டே எம்.எஸ்சி. முடித்த பெள்ளி
நனைந்த பழைய நோட்டுகளை
அடுப்போரம் விரித்துக் காயவைத்தான்.
“மேடம், கூடினதெல்லாம் ஊட்டி.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது.
புரியாததுபோல் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

நோய் முற்றியவர்களை ஊட்டிக்கு அனுப்புவோம்.
பிரசவம் அங்கே. நஞ்சு மட்டும்
பஸ்ஸில், கண்டக்டர் காலடியில் திரும்பிவரும்.
ஒன்றரை மணி நேரம், ஐஸ் பாதி கரைந்து.
நலமானவர்களுடையது இருபது நிமிடத்தில் என் மேசையில்.

நல்ல நஞ்சு ஒன்றை எடுத்து
ஒன்றரை மணி நேரம் சும்மா வைத்தோம்.
கூடிற்று.
பதினோராண்டு நான் அளந்தது நோயை அல்ல.
ஊட்டி பஸ்ஸை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத
நாலு வரி போதுமாயிருந்தது.
அனுப்ப ஒன்பது நாள் ஆயிற்று.
நிதி நின்றது. மாணவர்கள் இருவர் போய்விட்டார்கள்,
அவர்கள்மேல் குற்றமில்லை.
சால்வையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

யோகவதி மறுபடி வந்தாள், பன்னிரண்டாம் வாரம்.
தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் எழுதியிருந்தது சீட்டில்.
அது நான் கண்டுபிடித்ததல்ல,
யாரோ, எங்கேயோ.
“காண்ட்ராக்டர் கெடச்சானா?” என்றாள்.
தேடுகிறேன் என்றேன்.
சிரித்தாள்; கையை நீட்டி
பிரஷர் பட்டையைத் தானே சுற்றிக்கொண்டாள்.

நேற்று போன் அடித்தது.
“நஞ்சு விழுந்துருச்சு மேடம். மூணு பதினேழு.”
இப்போது நேரமும் சொல்கிறார் சிஸ்டர்.
மீன்பெட்டி மூடியில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு
ஸ்கூட்டரை உதைத்தேன்.
மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.
அதையும் எழுதினேன்.